செண்டோல் கடையில் வாய் திறந்த மீனாட்சி

மீனாட்சி என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வயது. காலையில் என் பயிற்சி மையத்துக்குப் பேச்சு மதிப்பீட்டுக்காக வந்தவளிடம் படங்களைக் காட்டித் தமிழில் கேட்டேன். கைகட்டி உட்கார்ந்திருந்தாள், ஒரு சொல்கூட வரவில்லை. பேச்சுத் தாமதம், சிறப்பு வகுப்பு என்று அறிக்கையைத் தொடங்கிவிட்டேன்.

மாலையில் மலாக்கா காஜா பேராங்கில், தேங்காய்ப்பாலும் ஐஸும் கலந்த செண்டோல் விற்கும் கடையில் அதே மீனாட்சி, "அங்கிள், குலா தாக் சுக்கோப்!" என்று, சர்க்கரை போதவில்லையென மலாயில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் அம்மா சிரித்தபடி மலாயில் சொன்னார்: "நாங்க மலாக்கா செட்டி ஆளுங்க, டாக்டர். பல தலைமுறையா வீட்டுல மலாய்தான், தமிழ் இல்ல. தமிழ் காதுல விழுந்தா கோயில்னு நெனச்சு கப்சிப்னு ஆயிடுவா."

பெயரைப் பார்த்ததுமே தமிழில் தொடங்கியது நான்தான். நாளை மலாயில் மறுபடியும் சோதிக்கிறேன்.

இன்று எனக்குச் செண்டோல் ஆசை வராமல் இருந்திருந்தால்? அந்த நினைப்பு இன்னும் என்னை உட்கார விடவில்லை.

முனைவர் பட்டத்துக்குப் பிறகும் என்னடி பயிற்சி என்று கேட்டவர்களே, இப்போது சொல்லுங்கள், பயிற்சி வேண்டாமா?