வானத்திலிருந்து விழுந்த தோல்

உரியவர் இன்னாரென்று தெரியாத பொருள் கிடைத்தால், கிராம முன்சீப் அதைக் கைப்பற்றிப் பட்டியல் போட்டுத் தாலுகா அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். வழிதவறிய எருமை முதல் பாலாற்றில் மிதந்து வந்த அண்டா வரை இதுதான் விதி. பொருள் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று விதி கேட்பதில்லை. ஆகவே மேலிருந்து வந்ததற்கும் அதுவே போதும் என்பது, அங்கே குமாஸ்தாவாக இருந்த என் கருத்து. என்னை யாரும் கேட்கவில்லை.

சீனப் போர் முடிந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. ஏதோ ஒரு ரேடார் திரையில் எங்கள் பக்கமாக ஒரு புள்ளி நகர்ந்து மறைந்ததாம். என்னவென்று எழுதத் தெரியாமல் 'அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்' என்று எழுதிவிட்டார்கள். மறுநாள் அது ஆம்பூருக்கு வெளியே ஒரு தோல் மண்டியின் களத்தில் கிடந்தது: வெளிறிய மெல்லிய சவ்வு, ஓரத்தில் வெள்ளித்தாள் ஒட்டிய குச்சிகள். வானிலைக்காரர்கள் விடும் பலூன் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை எழுதும் அதிகாரம் எனக்கில்லை.

களத்து மேஸ்திரி விடியுமுன் வேலைக்கு வருபவர். அந்தத் தொழிலில் ஈரமாக எது கிடந்தாலும் முதலில் உப்பு, பிறகுதான் விசாரணை. தாமதித்தால் தோல் அழுகி மயிர் கழன்றுவிடும். அவர் அதையும் விரித்து, உப்பை அள்ளித் தேய்த்து, மடித்து வைத்துவிட்டார். அது எந்தப் பிராணியின் தோலும் இல்லை என்பது வெளிச்சம் வந்த பிறகுதான் தெரிந்தது.

மதராஸிலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். சவ்வின் மேல் படிந்திருந்த வெள்ளைத் துகளைக் கண்டதும் அவர் முகத்தில் பதவி உயர்வு தெரிந்தது. மேஸ்திரி உண்மையைச் சொல்லியிருப்பார். ஆனால் தடயத்தில் கை வைத்தவனுக்கு ஜெயில் என்று அதிகாரி எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டதால், விழும்போதே அப்படித்தான் இருந்தது என்று சாதித்துவிட்டார். துகள் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. பதில் வரும்வரை களத்துக்கு சீல்.

மண்டிக்காரர் பாய் என் மேஜைக்கு ஓடிவந்தார். மாலையில் இரண்டு வண்டிப் பச்சைத் தோல் வருகிறது. உப்புப் போட அவருக்கு வேறு இடமில்லை. அந்தச் சரக்கு கெட்டால் மண்டியை மூட வேண்டியதுதான்.

"பதில் எப்ப சார் வரும்?"

"வரும்."

"அதுவரைக்கும் தோல் தாங்காது சார். பேஜாராப் போய்டும்."

சீலை உடைக்க விதியில்லை. ஆனால் புறம்போக்கில் தற்காலிகமாகச் சரக்கு இறக்கத் தாசில்தார் அனுமதிக்கலாம். அக்கம்பக்கத்தில் காலியாக இருந்த புறம்போக்கு, பயணியர் பங்களாவுக்கு மேற்கே இருந்தது. பங்களாவில் அதிகாரி தங்கியிருந்தார். அந்தப் பருவத்தில் காற்றும் மேற்கிலிருந்துதான் வீசும். மனுவை நானே எழுதினேன். தாசில்தார் அதை இரண்டு முறை படித்துவிட்டு, காற்றைப் பற்றி எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

மாலையில் அதிகாரியின் ஜன்னலுக்கு நேரே வண்டிகளை அவிழ்த்தார்கள். எங்களுக்குப் பச்சைத் தோலின் வாடை தெரியாது. பிறந்ததிலிருந்து அதுதான் காற்று. மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோல்களின் மேல் உப்பை வீசித் தேய்த்தார். அதிகாரி மூக்கைப் பொத்தியபடி வராந்தாவுக்கு வந்து, மேஸ்திரியின் கையையே பார்த்தார்.

"என்னய்யா அது, வெள்ளையா?"

"இது உப்பு சார்," என்றார் மேஸ்திரி. "அது வேற."

காலையில் 'நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு' சீல் அகற்றப்பட்டது. அதிகாரி சவ்வை மூட்டை கட்டிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பினார். போகுமுன் என்னைத் தனியே அழைத்து, ஆய்வுக்கு அனுப்பிய துகளைத் திரும்பப் பெற வழியுண்டா என்று தணிந்த குரலில் கேட்டார். எனக்குத் தெரிந்த விதிகளையெல்லாம் மனதுக்குள் ஒருமுறை புரட்டிவிட்டு, இல்லை என்றேன்.

துகள் சாதாரண உப்புதான் என்றும், அது வானத்துக்கு எப்படிப் போனது என்பதைத் தாலுகா அலுவலகம் விளக்க வேண்டும் என்றும் பதில் வந்தபோது, பாயின் களத்தில் உப்பு மூட்டைகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. தோல் வண்டிகள் தெருக்கோடி வரை நின்றன. அன்று பக்ரீத்துக்கு மறுநாள், குர்பானி கொடுத்த ஆடுகளின் தோலெல்லாம் வந்து குவியும் நாள்.