செத்தவர் கோப்பி குடித்த படம்

கலீலுர் றஹ்மானுக்குக் களைப்பு என்றால் அப்படியொரு களைப்பு. துறைமுகத்தடித் தியேட்டரில் இருபத்திரண்டு வருஷமாகப் படம் ஓட்டும் ஒப்பரேட்டர். காற்று நுழையாத சின்ன அறை, இரண்டு மெஷின், கார்பன் குச்சியில் எரியும் வெள்ளை நெருப்பு. அந்த நெருப்பைப் பார்த்துப் பார்த்தே மனுஷனுக்குக் கண் மங்கிவிட்டது. ரீல் பெட்டியில் ஒட்டியிருக்கும் இலக்கம் மூக்குக்குக் கிட்டப் பிடித்தாலும் தெரியாது. இதை வெளியில் சொல்ல முடியுமா? கண் இல்லாத ஒப்பரேட்டரை எந்தத் தியேட்டர் வைத்திருக்கும்? வீட்டில் மனைவி றம்ஸியா, மூன்று பெண்பிள்ளைகள், அவ்வளவு பேருக்கும் அடுப்பு எரிவது இந்த ஒரு வேலையால்தான்.

ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தார். புதுப்படம் வந்ததும் கேட்டில் நிற்கும் இராசதுரையைக் கூப்பிடுவார். "தம்பி, கையெல்லாம் எண்ணெய். இலக்கத்தை ஒருக்கா வாசி பாப்பம்." அவன் வாசிக்க வாசிக்க, ஒன்றாம் பெட்டிக்கு ஒரு முடிச்சு, இரண்டாம் பெட்டிக்கு இரண்டு முடிச்சு என்று சணல் கயிறு கட்டுவார். பிறகு விரல் போதும். எங்கேயாவது பிசகினாலும் தமிழ்ப்படம் காப்பாற்றிவிடும். பாட்டு வரும், கதாநாயகி பத்துச் சேலை மாற்றுவாள், சனமும் பெரிதாகக் கணக்கெடுக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்ததோ ஓர் இங்கிலீஷ் படம். கடலடியில் மாட்டிக்கொண்ட நீர்மூழ்கிக் கப்பல், அதற்குள்ளே ஒன்பது பேர். ஓர் இரும்பு அறையை விட்டுக் கதை நகராது. காற்றுக் குறைகிறது, உள்ளே ஒருவன் கொலைகாரன். பாட்டும் இல்லை, பெண்ணும் இல்லை, ஒன்பது பேருக்கும் ஒரே உடுப்பு. போதாக்குறைக்கு இராசதுரை செத்தவீட்டுக்குக் கந்தளாய் போய்விட்டான். வேறு ஆளிடம் வாசிக்கச் சொன்னால் கதை கட்டிவிடுவார்கள் என்ற பயம். பெட்டிகள் வந்த ஒழுங்கையே நம்பி, அல்லாஹ்வே என்று முடிச்சைப் போட்டார்.

காலைக்காட்சிக்கு டொக்யார்ட் ஆட்களால் கொட்டகை நிறைந்துவிட்டது. கப்பல் படம் அல்லவா! மூன்று ரீல் நன்றாகத்தான் ஓடியது. நாலாவதில் கீழே முணுமுணுப்பு. றஹ்மான் கண்ணாடித் துவாரத்தால் எட்டிப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது, அவ்வளவுதான். ஆறாவதாகப் போட்ட ரீல் சுழலத் தொடங்கியதும் ஒரு பெருஞ்சிரிப்பு, விசில், கூச்சல்.

"டேய், செத்தவன் எழும்பிக் கோப்பி குடிக்கிறானடா!"

நாலும் ஆறும் மாறிவிட்டன. ஓடுகிற ரீலை நிறுத்தவும் ஏலாது, விடவும் ஏலாது. படியில் இழுத்து இழுத்து ஏறும் காலடிச் சத்தம் கேட்டது. மனேச்சர் குலசிங்கம் முழங்கால் வருத்தக்காரர், மேலே ஏறுகிறவரே அல்ல. அந்த அறைக்கு இருப்பதும் ஒரே கதவு. அவர் ஒவ்வொரு படியாக ஏறி முடியும்வரை றஹ்மான் வியர்த்து வழிந்துகொண்டு நின்றார்.

குலசிங்கம் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, மிச்சமிருந்த இரண்டு பெட்டிகளில் ஒன்றைத் தூக்கி நீட்டினார். "இது எத்தினையாவது, றஹ்மான்?"

கை தன்பாட்டில் கயிற்றைத் தேடியது. குலசிங்கம் கயிற்றைப் பொத்திப் பிடித்திருந்தார்.

"தெரியேல்லை ஐயா," என்றார் றஹ்மான். "எனக்குக் கண் தெரியேல்லை."

"தெரியும். ரெண்டு வருஷமாத் தெரியும். இராசதுரை இஞ்ச வேலைக்கு வந்த உடனையே சொன்னவன். நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

றஹ்மானுக்கு வெட்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இரண்டு வருஷம்! ஒவ்வொரு காட்சிக்கும் செத்துச் செத்துப் பிழைத்தாரே, அதை இவர்கள் பார்த்துக்கொண்டா இருந்தார்கள்?

"அப்ப ஏன் ஐயா ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"சொன்னா உங்களை வேலையால நிப்பாட்ட வேணுமே," என்றார் குலசிங்கம். "இது ஏழு. போடுங்கோ."

அவர் வாசிக்க, றஹ்மான் போட்டார். படம் முடிந்ததும் குலசிங்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பின்னேரக் காட்சிக்கு மூதூர் ஆள் ஒருத்தரைக் கூப்பிட்டிருக்கு. நீங்கள் நாளைக்கு வாங்கோ. கலரிக் கேட்டில ரிக்கெற் கிழிச்சுக்கொண்டு நில்லுங்கோ. சம்பளம் குறையாது."

வீட்டில் றம்ஸியா சோறு போட்டாள். நடந்ததை அவர் சொன்னபோது அவள் கொஞ்சமும் திடுக்கிடவில்லை.

"உனக்கும் தெரியுமா?"

"இவ்வளவு நாளும் மீன் முள்ளை ஆர் எடுத்துத் தந்த எண்டு நினைச்சீங்க?"

கையைக் கழுவிக்கொண்டு எழும்பினார். பாயில் சரிந்தவர் அடித்துப்போட்ட மாதிரித் தூங்கினார். இரண்டு வருஷத்தில் அப்படியொரு தூக்கம் தூங்கியதில்லை. இரண்டு தெரு தள்ளியிருந்த தியேட்டரின் பின்னேரக் காட்சி மணி கேட்டதும்தான் துடித்துப் பதைத்து எழும்பி, ஆணியில் தடவிச் சேர்ட்டை எடுத்தார்.

"படுங்க," என்றாள் றம்ஸியா குசினிக்குள் இருந்து. "அங்க வேற ஆள் போயிட்டார்."

றஹ்மான் சேர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு, படம் தொடங்கும் இரண்டாம் மணியும் அடித்து முடியும்வரை பாயிலேயே இருந்தார்.