மஞ்சள் கசிந்த கார்

கொதிக்கிற மஞ்சள் தூளின் மணம் எங்கள் வீட்டில் அடுப்படியிலிருந்து வந்ததில்லை. மாமரத்தின் கீழ் நின்ற பழைய பச்சைக் காரின் முன்மூடியைத் திறக்கும்போதுதான் வரும், சூடேறிய இரும்பும் எரிந்த மண்ணெண்ணெயும் அதோடு சேர்ந்து மூக்கில் ஏறும். இன்றைக்கும் யார் வீட்டிலாவது மஞ்சள் தூக்கலாகப் போட்டுக் கறி கொதித்தால் எனக்குப் பசி எடுப்பதில்லை, வீட்டில் ஒருவரும் இல்லை என்ற நினைவுதான் வருகிறது.

அம்மா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனபோது எனக்குப் பால்பல்கூட விழவில்லை. கொழும்பு பஸ்ஸில் உட்கார இடமில்லாமல், பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, நின்றபடியே போனார். அது அப்பாவின் மனதை விட்டு இறங்கவேயில்லை. மண்டூரில் நெல்லுக் குத்தும் மில்லில் எஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்த அவர், யாரோ ஒருவரின் வீட்டு வளவில் கோழிகள் அடைகிடந்த ஒரு பழைய இங்கிலீஷ் காரை, கோழிகளைக் கிளப்பிவிட்டு வாங்கிவந்து, எஞ்சினை ஆணி ஆணியாகக் கழற்றிப் பூட்டத் தொடங்கினார். "அவள் திரும்பி வாறது கார்லதான்" என்பதே அந்த நாளில் அவர் பேசிய நீளமான பேச்சு. "கொமினிகேஷன்" என்ற தொலைபேசிக் கடைக்கு அம்மாவின் அழைப்பு வரும்போது காரைப் பற்றி மூச்சுக்கூட விடக்கூடாது என்று எனக்குக் கட்டளை.

பின்சீட்டுத்தான் என் வீடு. அங்கே பாடம் படித்தேன், சோறு தின்றேன், அம்மா உட்காரப்போகும் பக்கத்தைத் துடைத்து வைத்தேன். அப்பா என்னிடம் ஒரு திருகுசாவிகூட எடுத்துத் தரச் சொன்னதில்லை, கோபத்தால் அல்ல, நான் அங்கே இருப்பதை மறந்துபோவதால். சடை பின்ன அவருக்கு வராது. ஒருநாள் கத்தரிக்கோலை எடுத்து என் தலைமயிரை ஒட்ட வெட்டிவிட்டார். பள்ளிக்கூடத்தில் பெண்கள் வரிசையில் நின்றால் எல்லாரும் சிரிப்பார்கள்.

எஞ்சின் ஓடியது, ஆனால் அதைக் குளிரவைக்கும் தண்ணீர் உள்ளே நிற்கவில்லை. மில் எஞ்சினுக்கு மேலே திறந்த தண்ணீர்த் தொட்டி. கொதிக்கட்டும், குறையக் குறைய ஊற்றினால் முடிந்தது. அப்பா காரையும் அப்படியே நடத்தினார். கசிவை அடைக்க ரேடியேற்றரில் மஞ்சள் தூளைக் கொட்டுவார், அது ஓட்டைகளில் போய் இறுகும் என்பது அவர் கணக்கு. இரவில் காரின் கீழே பழைய பேப்பரை விரித்துவைத்து, காலையில் குனிந்து மஞ்சள் பொட்டு எங்கே விழுந்திருக்கிறதென்று பார்ப்பார். பொட்டு விழுந்த இடத்துக்கு நேர்மேலே வருத்தம், அதாவது ஓட்டை. அவருக்கு முன்னால் எழும்பி நானும் பார்ப்பேன், ஏனென்றால் பேப்பர் வெள்ளையாக இருக்கும் நாளில்தான் அம்மா வருவார் என்று எனக்குள் ஒரு முடிவு இருந்தது.

பெற்றோலை மிச்சம்பிடிக்க அவர் மண்ணெண்ணெயும் கலந்தார். அதனால் வால்வுகளில் கரி தடிப்பாகப் படிந்து, அவை சரியாக மூடாமல் எஞ்சின் இருமும். உடனே தலைப்பகுதியைக் கழற்றி, பழைய கத்தியால் கரியைச் சுரண்டி, வால்வை உள்ளங்கைகளுக்கு நடுவே மோர் கடைவதுபோல உருட்டித் தேய்த்து மறுபடி பூட்டுவார். தலைப்பகுதிக்கும் எஞ்சினுக்கும் இடையில் வைக்கும் "கஸ்கட்" தகட்டை மட்டும் மாற்றமாட்டார், மில்லில் செய்வதுபோல அதற்கே பெயின்ற் பூசிப் பூசி வைப்பார். எத்தனையோ தடவை நசுங்கிய தகடு அது.

"வருசத்துக்கு வாறன்" என்று அம்மா சொல்லியிருந்தார். சித்திரை பிறக்கக் கொஞ்சம் முன்னால், ஒரு காலையில் பேப்பர் வெள்ளை வெளேரென்று கிடந்தது. அடுத்த நாளும் அப்படியே. தண்ணீர் மட்டும் குறைந்திருந்தது. "வெயில் குடிச்சிற்று புள்ள" என்றார் அப்பா. சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தது, அது மண்ணெண்ணெயின் வேலை என்றார். வெளியே வராத தண்ணீர் அந்தப் பழைய தகட்டின் வழியாக உள்ளே போய் அந்தப் புகையாகிக்கொண்டிருந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. அத்தனை நாளில் முதல் தடவையாக அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அம்மாவின் விமானம் வருவதற்கு முதல் நாள் அவரைக் கூட்டிவரப் புறப்பட்டோம். வாவியைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் ஊரில் "பாதை" என்று பெயர். அதில் காரை ஏற்றியபோது ஆட்கள் விலகி இடம் விட்டார்கள், நான் ராசாத்தி மாதிரி உட்கார்ந்திருந்தேன். வெலிக்கந்தை தாண்டியதும் கார் கொதித்தது. மஞ்சள் தூள் ரேடியேற்றரின் சின்னக் குழாய்களையும் அடைத்துவிட்டிருந்தது. ஆறவிட்டு, வாய்க்கால் தண்ணீர் ஊற்றி, முடுக்கிப் பார்த்தார், எஞ்சின் அசையவில்லை. அங்கேயே இருட்டி அங்கேயே விடிந்தது.

காலையில் கொழும்புக்குப் போகும் பஸ் ஒன்று எங்களுக்காகவே வேகத்தைக் குறைத்தது, ஏறச் சொன்னார்கள். அப்பா வேண்டாம் என்று தலையாட்டினார். காரில்லாமல் அம்மாவின் முன்னால் போய் நிற்க அவரால் முடியவில்லை. தலைப்பகுதியைத் தெருவோரத்திலேயே கழற்றி, திரும்பவும் கரியைச் சுரண்டத் தொடங்கினார். அழுதாலும் அவருக்குக் கேட்காது என்பதால் நான் தெருவில் நின்று போகிற வருகிற பஸ்களுக்கெல்லாம் கை காட்டினேன். எத்தனையோ கைகள் திரும்ப அசைந்தன. அவ்வளவு தனிமையை நான் பிறகு ஒருநாளும் கண்டதில்லை.

பின்னேரம் காரை ஒரு வயல்காரரின் வளவில் தள்ளிவிட்டு, பஸ்ஸில் ஊர் திரும்பினோம். பூட்டிய வீட்டு வாசற்படியில் அம்மா பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். விமான நிலையத்தில் காத்திருந்து பார்த்துவிட்டு, கூட வந்த பெண்களோடு பஸ் ஏறி வந்திருந்தார். என்னை இழுத்து மடியில் வைத்து, முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏன் வரவில்லை என்று கேட்டார். அப்பா குந்தியிருந்து பெட்டிக் கயிற்றை அவிழ்த்தார். அம்மா வழியில் கண்டதைச் சொல்லத் தொடங்கினார்.

"வெலிக்கந்தைக்கு அங்கால ஒரு பச்சைக் கார் பழுதாகி நிண்டிச்சு. மூடிக்குள்ள தலைய விட்டுக்கொண்டு ஒரு ஆள். பக்கத்தில ஒரு சின்னப் பொடியன், போற பஸ்ஸுக்கெல்லாம் கையக் காட்டுறான். பாவமா இரிந்திச்சு. நானும் கையக் காட்டினன்..."

சொல்லிக்கொண்டே என் தலையைத் தடவிய கை நின்றது. ஒட்ட வெட்டிய மயிரைப் பார்த்தார், அப்பாவின் நகங்களுக்குள் கிடந்த கரியைப் பார்த்தார். அப்பா எழும்பிக் கிணற்றடிக்குப் போனார்.

வருசப் பிறப்பு முடிந்ததும் அம்மா திரும்பவும் போனார், பஸ்ஸில்தான். கார் அந்த வளவிலேயே பழைய இரும்பு விலைக்குப் போயிற்று. அப்பா இப்போது இல்லை, மில்லும் இல்லை. நான் ஓட்டுகிற கார் கொதிப்பதற்கு முன்பே விளக்குப் போட்டுச் சொல்லிவிடும், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நான் ஊற்றியதில்லை. அம்மா என்னோடுதான் இருக்கிறார். நெடும்பயணத்தில் எங்காவது ஒரு வாகனம் பழுதாகி நின்று, பக்கத்தில் ஒரு பிள்ளையும் நின்றால், எவ்வளவு அவசரமானாலும் என்னை நிறுத்தச் சொல்வார். இறங்கிப் போய், என்ன பழுது, தண்ணீர் வேண்டுமா என்று ஒன்றும் கேட்காமல், முதலில் அந்தப் பிள்ளையின் முகத்தை நிமிர்த்திப் பார்ப்பார்.