ஃபேனை நிறுத்தும் கலரக்கா

"யாருப்பா அது, மொதல்ல ஃபேன நிறுத்து!" என்று சொல்லிக்கொண்டேதான் கலரக்கா பேக்கரியின் சமையலறைக்குள் நுழைவார். ஃபேன் ஓடாவிட்டாலும் அதே கூப்பாடுதான். கேக்கின் மேல் நிறச் சர்க்கரைப் பொடி தூவுவது அவர் வேலை. காற்றடித்தால் அது முதலாளியின் சட்டைமேல் போய் உட்காரும். வீட்டுக்கு வந்தாலும், பழக்கதோஷம், கை முதலில் சுவிட்சுக்குத்தான் போகும். அவர் கணவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டேதான் குடும்பம் நடத்துகிறார். எதிர்வீட்டுக்காரனான நான் அதற்குச் சாட்சி.

சர்க்கரையை மாவாக அரைத்து, பிளாஸ்டிக் கவரில் கொட்டி, கலர்ப் பொடியைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டுக் கசக்குவார். பாட்டில் கலரை அண்டவிடமாட்டார். "ஈரம் பட்டா கட்டி கட்டியா கோத்துக்கும். அப்புறம் என் தலையிலதான் தூவிக்கணும்." காது மடலில் ஏதாவதொரு நிறம் ஒட்டியிருக்கும், அன்றைய ஆர்டர் என்னவென்று தெருவே சொல்லிவிடும். நிறங்களுக்குப் பெயரும் அவர் வைத்ததுதான். அடர்சிவப்பு 'நாத்தனார் கோபம்'. நல்ல ரோஸ் 'கல்யாணமான புதுசு'. அதுவே வெளிறிப்போனால் 'இப்ப'.

கறுப்பை மட்டும் தொடமாட்டார். "திங்கற பொருள்ல போய் கரியப் பூசுவாங்களா?" பிறந்தநாளுக்கு அவர் மகள் கேட்டது அதைத்தான். முடியாது என்றதும், "ஊர்ல யார் கேட்டாலும் கலந்து குடுப்ப. நான் கேட்டா மட்டும் முடியாது, இல்ல?" என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள். முதலாளியின் சத்தத்துக்கே அசையாத அக்கா ஆடிப்போய்விட்டார்.

வீட்டிலேயே உட்கார்ந்து கலந்தார். எவ்வளவு கசக்கினாலும் சாம்பல்தான் வந்தது. கொஞ்சம் கோகோ பொடி சேர்த்த பிறகே கறுப்பு வழிக்கு வந்தது.

பிறந்தநாளன்று கேக் கும்மிருட்டாக நின்றது. மகள் அப்போதும் வாய் திறக்கவில்லை. அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பாவம். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, எங்களையெல்லாம் மெதுவாக மூச்சுவிடச் சொன்ன மனுஷி, மெழுகுவத்தியை மறந்துவிட்டார். மகள் குனிந்து, மூச்சை இழுத்துப் பிடித்து, ஊதினாள்.

நெருப்பு அணைந்தது. கறுப்பு கிளம்பியது. கணவரின் வெள்ளைச் சட்டை போயிற்று. என் மீசை பல வருடங்களுக்குப் பிறகு கறுத்தது. மகள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அம்மாவின் மூக்கைப் பார்த்ததும் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள்.

"அய்யோ அம்மா... செமம்மா!"

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. கேக்கின் மேல் இன்னும் பாதிக் கறுப்பு மிச்சமிருந்தது. மூக்கைக்கூடத் துடைக்காமல் எழுந்துபோய், ஃபேன் சுவிட்சைப் போட்டார்.