வானொலி சொன்ன பெயர்

அந்த வீட்டில் என்னை என் பெயரால் அழைக்க முடியாது என்பது திருமணத்தன்றே முடிவாகிவிட்டது. என் மாமியாருக்கும் அதே பெயர். வீட்டுப் பெரியவளின் பெயரைச் சொல்லி மருமகளை ஏவுவதும் ஏசுவதும் எங்கள் பக்கத்தில் ஆகாத காரியம். அந்தப் பெயரை மருமகளே வாயால் சொல்வது அதைவிட ஆகாதது. ஆகவே பிறந்த ஊரின் பெயரே எனக்குப் பெயராயிற்று. "யம்மா பெருநகரு, தண்ணி கொண்டா." ஆறு ஆண்டுகள் நான் ஓர் ஊராக அங்கே நடமாடினேன்.

உத்திரமேரூரை அடுத்து நான் வாழ்க்கைப்பட்ட சிற்றூரிலிருந்து பெருநகர் அதிகத் தொலைவில்லை. கணவர்தான் தொலைவில், வடக்கே ஒரு தொழிற்சாலையில் இருந்தார். கடிதங்களைத் தம் தகப்பனாருக்கு எழுதுவார். பதினொன்றாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் அவற்றை உரக்கப் படிப்பது என் வேலை. கடைசி வரியில், 'வீட்டில் உள்ளவர்களையும் விசாரித்ததாகச் சொல்லவும்' என்றிருக்கும். உள்ளவர்களில் நானும் ஒருத்தி என்று எண்ணிக்கொண்டு, குரல் மாறாமல் படித்து மடித்துவைப்பேன்.

அவர் ஒரு விடுமுறையில் கொண்டுவந்த டிரான்சிஸ்டர் தோலுறையோடு கூடத்து மாடத்தில் இருந்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் வானொலியில் உழவர்களுக்கென்று ஒரு பள்ளி நடத்தினார்கள். வாரம் ஒரு பாடம், விளக்கு வைக்கும் நேரத்தில். பதிவு செய்துகொண்டவர்கள் பாடத்தைக் கேட்டு, முடிவில் வரும் கேள்விகளுக்கு அஞ்சலட்டையில் விடை எழுதி அனுப்ப வேண்டும். விவசாய யோசனை சொல்ல ஊருக்கு வரும் கிராம சேவக் கொடுத்த படிவத்தை மாமனார் என்னிடம் நீட்டினார். "நீயே ரொப்பிப் போட்ரும்மா. எனக்குக் கயனிக்கு நேரமாச்சி."

பெயர் என்ற கட்டத்தில் அவர் பெயரைத்தான் எழுதியிருக்க வேண்டும். பேனாவைத் திறந்தபடி வெகுநேரம் அமர்ந்திருந்தேன். பிறகு என் பெயரை எழுதினேன். நன்றாக விடையெழுதியவர்களின் பெயர்கள் கடைசி நாளில் வாசிக்கப்படும் என்று படிவத்தின் அடியில் அச்சிட்டிருந்தது. அந்தக் கூடத்தில் ஒரு முறை, ஒரே முறை, என் பெயரை ஒரு குரல் சொல்லிக் கேட்க வேண்டும். வேறொன்றும் நான் விரும்பவில்லை.

மாமனார் வானொலிப் பெட்டியருகே அமர்ந்து கேட்பார். நான் அடுக்களைக் கதவோரம் நின்று, கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் குறித்துக்கொள்வேன். முட்டை மிதக்கும் அளவுக்கு உப்புக் கரைத்த நீரில் விதைநெல்லைக் கொட்டினால் பதர் மேலே வந்துவிடும். யூரியாவோடு வேப்பம் புண்ணாக்கைக் கலந்து வைத்திருந்து தூவினால் சத்து வீணாகாது. முதல் பாடம் கேட்ட மறுநாள் மாமனார் என்னிடம் முட்டை கேட்டார். அதில் எனக்கு ஒரு சிறு கர்வம். பாடம் நடத்துபவர் கேள்விகளை இரண்டு முறை படிப்பார். பிறகு, "எழுதிக்கொண்டீர்களா?" என்று கேட்டுவிட்டுச் சற்று நிறுத்துவார். அந்த இடைவெளியில் வயல் தவளைகளின் சத்தம் மட்டும் கேட்கும். நாள் முழுவதும் ஒருவரும் என்னை எதுவும் கேட்டிராத நாட்களில், அந்தக் கேள்விக்கு இருட்டில் தலையசைத்திருக்கிறேன்.

கடைசி நாள் பக்கத்து வீட்டுக்காரரும் வந்திருந்தார். மாமியார் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கொதிக்கும் குழம்பின் சத்தம் குறுக்கே வரக்கூடாதென்று அதை இறக்கிவைத்துவிட்டு நின்றேன். பல ஊர்கள் கடந்தன. பிறகு எங்கள் வட்டம், எங்கள் ஊர், 'திருமதி' என்ற சொல், அதைத் தொடர்ந்து என் பெயர். பாடம் நடத்துபவர் அதை முழுதாக, நிதானமாகச் சொன்னார்.

முறம் நின்றது.

"யோவ் அண்ணாத்தே! அண்ணி பேரு ரேடியோல வருதுய்யா!" பக்கத்து வீட்டுக்காரர் எழுந்தே விட்டார். "நாளையிலேர்ந்து நீ சோறாக்கு. அண்ணி கயனிக்குப் போயி பாடம் நடத்தட்டும்."

"சும்மா கெடடா," என்ற மாமனார் அடுக்களைப் பக்கம் திரும்பினார். "ஏம்மா பெருநகரு, ஃபாரத்துல உங்க அத்த பேரையா எழுதிப் போட்ட?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். அப்போது மாமியாரைப் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அவர் பெட்டியையே பார்த்திருந்தார். அவரை மட்டும் யார் பெயர் சொல்லி அழைத்தார்கள்? மாமனாருக்கு அவர் 'இன்னாமே'. ஊருக்கு அண்ணி, பெரிம்மா. என் ஆறு ஆண்டுகளுக்கு எதிரே அவருடையவை முப்பதுக்கும் மேல்.

"இன்னொரு வாட்டி சொல்லுவானா?" என்று கேட்டார், யாரையும் பார்க்காமல்.

"ஆமா மாமா," என்றேன் மாமனாரிடம். "அத்த பேரத்தான் எழுதனேன்."

சில வாரங்கள் கழித்துச் சான்றிதழ் தபாலில் வந்தது. மாமனார் கழனியில் இருந்தார். வீட்டில் நாங்கள் இருவர்தான். எழுத்தறியாத மாமியார் அதைப் பிரித்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கொண்டுவந்தார்.

"எம்பேரு எங்க கீது?"

அவர் விரலைப் பிடித்து அந்த எழுத்துகளின் கீழே வைத்தேன்.

"இம்மாந்தானா?"

"இம்மாந்தான் அத்தே."

"படி, கேக்கறேன்."

நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவருக்குப் புரிந்தது. "யாரும் இல்ல. சொல்லு, ஒண்ணும் ஆவாது."

அந்த வீட்டுக்குள் முதல் முறையாக என் பெயரைச் சொன்னேன். வெகுகாலம் மூடிக்கிடந்த அறைக்குள் பேசியது போல, அது என் காதுக்கே அயலாக இருந்தது. அவர் விரலை எடுக்கவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

யாரோ வாசலில் நின்று கூப்பிட்டதற்குப் பதில் தருவது போல, தாளைப் பார்த்தபடியே அவர், "இன்னா?" என்றார்.