ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் சாகாத நாடு

புள்ளிவிவர அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்து, நாற்காலிக்கே இடுப்பு வலி வரவைத்தவர் புள்ளியக்கா. பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கும். எண்களை முகர்ந்து பார்த்தே எது கெட்டுப்போனது என்று சொல்லிவிடுவார். இதில் மிகை கொஞ்சம்தான்.

கொள்ளைநோய் வந்த வருடம் அவருக்கு ஒரே வேலை. ஆறு நாட்டு அரசுகளில் யார் எப்போது கடைகளை மூடினார்கள், யார் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கினார்கள், யார் பரிசோதனையே செய்யாமல் நோய் இல்லை என்று சாதித்தார்கள், எங்கே எத்தனை பேர் இறந்தார்கள் என்று தினமும் ஓர் அட்டவணை போட வேண்டும்.

நான்கு நாள் அரசு விடுமுறை முடிந்த காலையில் இயக்குநர் துள்ளிக்கொண்டு வந்தார்.

"அக்கா, ஒரே வாரத்துல நம்ம இறப்பு பாதியாயிடுச்சு. அந்தத் தீவு நாடும் பாதியானப்புறம்தானே எல்லாத்தையும் திறந்துச்சு? நாமளும் திங்கக்கிழமை திறந்துடலாம். மதியம் அமைச்சரவைக்குப் போகணும், கையெழுத்துப் போடுங்க."

அக்கா பேனாவை எடுத்தார். திறந்தால் பேருந்து ஓடும். ஓடினால், ஒற்றை நுரையீரலோடு காலம் தள்ளும் அவருடைய கண்டக்டர் கணவர் நெரிசலில் நிற்க வேண்டும். அதற்காக எண்ணைத் திருத்த முடியுமா? பேனாவைத் திறந்தார், மூடினார். மூன்று மாத அட்டவணையை மேசையில் விரித்தார்.

அப்போதுதான் உறைத்தது. இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவரும் சாகவில்லை. திங்கட்கிழமைகளில் போட்டி போட்டுக்கொண்டு செத்தார்கள்.

முதல் மாடிக்கு இறங்கினார். அங்கே இறப்புப் படிவங்களுக்கு முத்திரை குத்தும் குமாஸ்தா சாவகாசமாகச் சொன்னார்: "வந்து சேர்ற தேதியைத்தான்க்கா குத்துவோம். செத்த தேதி கீழ மூலையில இருக்கும். அதை யாரு படிக்கிறா?"

தீவு நாட்டுக்குப் போன் போட்டார். அங்கே எழுதுவது செத்த தேதியை. அவர்கள் எண் நிஜமாகவே இறங்கியிருந்தது. இங்கே இறங்கியதோ, அலுவலகம் பூட்டியிருந்ததால். பிரிக்காத பதினோரு மூட்டைப் படிவங்கள் வாசலிலேயே கிடந்தன.

மூன்று மாடி ஆட்களையும் திரட்டி, இரண்டரை மணி நேரத்தில் அத்தனையையும் பிரித்து, செத்த தேதிவாரியாக அடுக்கவைத்தார். பாதியாவது, கீதியாவது! முந்தைய வாரத்தைவிட அறுபது பேர் அதிகம்.

இயக்குநருக்கு முகம் தொங்கிவிட்டது. "நல்ல சேதின்னு அமைச்சர்கிட்ட சொல்லிட்டேனே அக்கா."

"சொன்னது நீங்க, செத்தது அவங்க. இதுல எதைத் திருத்த முடியும்னு நீங்களே பாருங்க."

நல்ல மனிதர், புது அட்டவணையை அவரே எடுத்துக்கொண்டு ஓடினார். அமைச்சரவை நாட்டைத் திறக்கவில்லை. அட்டவணையிலிருந்த இன்னும் இரண்டு அரசுகள் தங்கள் முத்திரைத் தேதியைத் தேடிப் பார்த்து, அசடு வழிய மூன்றாம் மாடிக்கே போன் செய்தன.

அக்கா வீட்டுக்குப் பேசினார். "என்னங்க, திங்கக்கிழமைக்கு யூனிஃபார்ம் தேய்க்காதீங்க."

"ஏன், என்னை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?"

"இல்ல. நாட்டையே வீட்ல உக்கார வச்சிட்டேன்."

"என்னை உக்கார வைக்க இவ்வளவு பண்ணணுமா? ஒரு வார்த்தை சொன்னா கேட்டிருப்பேன்ல?"

"எப்ப கேட்டிருக்கீங்க?"

அதிலிருந்து ஏழாவது வாரம் இறப்பு நிஜமாகவே பாதிக்கும் கீழே போயிற்று. அந்த அட்டவணையில் அக்கா தலைப்பு மாதிரி கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டார். மறுநாள் நாடு திறந்தது; கணவர் வேலை பார்க்கும் முதல் பேருந்தில் ஏறி முன்சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்தார். கண்டக்டர் வந்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல், டிக்கெட் கேட்டார்.