மூடாமல் நின்ற இரும்பு வாய்

அன்று காலை பதினோரு மணி இருக்கும். திருப்பூரில் நான் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசை முன் நின்றிருந்தேன். போன் வந்தது. என் கணவரோடு துறைமுகத்தில் வேலை செய்கிற ஒரு தம்பி பேசினான்.

“மதினி, கப்பலுக்குள்ள கரி சரிஞ்சு அண்ணன மூடிட்டுது. கையாலதான் தோண்டுதோம். ஜெபம் பண்ணுங்க.”

அவ்வளவுதான். திரும்பக் கூப்பிட்டேன். யாரும் எடுக்கவில்லை.

என் கணவர் எங்கள் ஊர்த் துறைமுகத்தில் நிலக்கரிக் கப்பலுக்குள் இறங்கி வேலை செய்பவர். கிரேனில் தொங்கும் கிராப், பெரிய இரும்பு வாய் மாதிரி, கரியைக் கவ்வி அள்ளும். அதற்கு எட்டாத மூலைக் கரியை இவர்கள் தள்ளிக் கொடுப்பார்கள்.

நான் திருப்பூருக்கு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒற்றை அறை. ஞாயிறு ஆராதனைக்குப் போவேன், யாரிடமும் பேசாமல் வந்துவிடுவேன். ‘எனக்காக ஜெபியுங்கள்’ என்று கூப்பிட இந்த ஊரில் எனக்கு ஒருவரும் இல்லை. அதுதான் என்னை உடைத்தது.

துணிக் கட்டுகளுக்குப் பின்னால் முழங்காலில் விழுந்தேன். “ஆண்டவரே, அவர் அங்கே தனியா இருக்கார். நீர் போம்.” வேறு வார்த்தை வரவில்லை.

சூப்பர்வைசர் அக்கா தேடி வந்தார். வேறு சாமி கும்பிடுகிறவர். விஷயத்தைச் சொன்னேன்.

“நீங்க உங்க சாமியக் கும்பிடுங்க. நா பக்கத்துலயே உக்காந்துக்கறனுங்க” என்று தரையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

முக்கால் மணி நேரம் கழித்து போன் அடித்தது. முதலில் இருமல். பிறகு அவர் குரல்.

“ஏட்டி, நான்தான்.”

நான் அழுத அழுகையில் அக்காவும் அழுதுவிட்டார்.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. அவர் புதைந்ததை யாரும் பார்க்கவில்லை. கிராப் அவர் மேலேயே இறங்கியிருக்கிறது. ஆனால் அதன் வாய் மூடவில்லை. என்ன கோளாறு என்று எட்டிப் பார்த்தபோதுதான் கரிக்கு வெளியே அவர் விரல்கள் தெரிந்திருக்கின்றன. கிராப்பை மூடுகிற கயிறு சிக்கிக்கொண்டது என்றார் மெக்கானிக். இருக்கட்டும். எனக்குப் போன் வருவதற்கு முன்பே, நான் கேட்பதற்கு முன்பே, கர்த்தர் அங்கே போயிருந்தார்.

விலா எலும்பு இரண்டு முறிந்து ஆறிவிட்டது. அவர் அதே வேலைக்குத்தான் போகிறார். நான் இங்கே அதே அறையில்தான். தனிமை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது ஆராதனை முடிந்ததும் புதிதாக வந்தவர்கள் பக்கத்தில் போய் உட்காருகிறேன். பெயர் கேட்கிறேன். அவர்களுக்காக ஜெபிக்கிறேன்.

ஊரை விட்டு வந்து ஒண்டியாக இருக்கிறவர்களே, வார்த்தை வராவிட்டாலும் அவரிடம் போங்கள். அவருக்குப் புரியும். என் கணவரை உயிரோடு தந்தவருக்கே எல்லா மகிமையும்.